பதினோரு அம்புக்குறிகள்

காலை பத்தரை மணிக்கு அந்தச் சட்டை செக்கிங் மேசைக்கு வந்தபோது, அதில் குறை இருப்பது தைத்தவளுக்கும் தெரியவில்லை, லைன் சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. மேசையருகே நின்றவள் அதைக் குழல்விளக்கின் கீழ் விரித்தாள். காலர், தோள், கை, பட்டன் பட்டி என்று இரண்டு உள்ளங்கைகளும் துணியின்மேல் வழுக்கிக்கொண்டு போயின. இடது அக்குளுக்குக் கீழே ஒரு விரல் நின்றது. ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. ஏப்ரன் பையில் இருந்த சுருளிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்தாள். முனை சரியாக அந்த இடத்தைக் காட்டும்படி ஒட்டினாள். சட்டையைத் திருப்பி அனுப்பும் கூடையில் போட்டாள்.

"கண்ணா அது, கேமராவா?" என்றாள் எதிர் மேசைக்காரி.

"கேமராவுக்குக் கரண்டு வேணும். எனக்கு ஒரு டீ போதும்."

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினெட்டு வருடத்தில் அவள் கை பட்டுப் போன சரக்கில் ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்திக்கு இது சின்ன விஷயமில்லை. அவள் பெருமைப்பட்டாள். படட்டும்.

தொல்லை என்னவென்றால், வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றி மாட்டுவதுபோலக் கண்ணைக் கழற்றி மாட்ட முடியாது. வீட்டிலும் அது வேலை பார்த்தது. புருஷன் மடித்த போர்வையில் பார்த்தது. பதினாறு வயது மகளின் பின்னலில், கையெழுத்தில், நடையில், சிரிக்கும்போது தெரியும் ஈறில் பார்த்தது. பார்த்ததையெல்லாம் வாய் சொன்னது. "பாசத்துலதானே சொல்றேன்" என்ற ஒரு வார்த்தையைக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் பெற்ற பிள்ளையை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்டு யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை.

பதினொரு மணிக்கு அலுவலக அறையிலிருந்து ஆள் வந்தார். "அக்கா, உங்க பொண்ணு ஸ்கூல்லேருந்து போன். மறுபடியும் மயங்கிடுச்சாம்."

"மறுபடியுமா?" என்றாள் பூதக்கண்ணாடி. அந்தக் குரலில் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.

பள்ளியில் ஒரு பெஞ்சின்மேல் மகள் சுருண்டு படுத்திருந்தாள். முகத்தில் தெளித்த தண்ணீரில் சட்டைக் காலர் வரை நனைந்திருந்தது. கணக்கு டீச்சர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"கேள்வித்தாள் குடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகலைங்க. மூச்சு விட முடியலன்னு சொன்னா. கை மடங்கி விறைச்சுப்போச்சு."

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு டீச்சர். ரத்தம், நெஞ்சு, தலை ஸ்கேன் எல்லாமே நார்மல்." பூதக்கண்ணாடி பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். எங்கே போனாலும் அதை அவள் கையோடு கொண்டுபோனாள். "வீட்ல நல்லாத்தான் இருக்கா. பரீட்சைன்னா மட்டும் வருது. அப்போ இது என்ன? நடிப்பு!"

"நடிக்கிற பொண்ணுக்கு விரல் இப்படியா விறைக்கும்? நீங்களே தொட்டுப் பாருங்க."

அவள் தொடவில்லை. மகள் கண்ணைத் திறக்கவும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டீச்சர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, வளரிளம் பருவத்தினருக்கான மனநல ஆலோசனை, சனிக்கிழமை மதியம்.

"என் பொண்ணு என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? மாதிரித் தேர்வு எழுதாத பிள்ளைங்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டோம்னு நிர்வாகம் பிடிவாதமா இருக்கு. முதல் மாதிரித் தேர்வு இன்னையோட போச்சு. இன்னும் ஒண்ணுதான், ரெண்டு மாசம் இருக்கு. அதுவும் இப்படிப் போச்சுன்னா இவளுக்கு இந்த வருஷம் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அந்த வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகளுக்கு மூச்சு நின்றபோது அசையாத தாய், அவள் படிப்பு நின்றுவிடும் என்றதும் எழுந்து நின்றாள். அவளை மட்டும் திட்டி என்ன பயன்? முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நடக்கிறது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். பார்சல் வேன் ஓட்டுபவர். சண்டை வரும் இடத்தில் அவர் இருக்க மாட்டார், இருந்தாலும் பேச மாட்டார். "வயசுக் கோளாறு. தானா சரியாயிடும்" என்றார்.

"உங்க வேன்ல சத்தம் வந்தா தானா சரியாயிடும்னு ஓட்டுவீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். ஆலோசனை அறை ஒருகாலத்தில் பழைய கோப்புகள் போட்டு வைத்த இடம். காகித வாசனை இன்னும் போகவில்லை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஜன்னலில் பாதிக்கு மேல் மறைத்து நிற்கும் இரும்பு அலமாரி. ஆலோசகர் படிப்பு முடித்து மூன்று வருடம்கூட ஆகாத இளம் பெண். பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் இருந்தது. பூதக்கண்ணாடி உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"நீ எப்படித் தூங்குறம்மா?" என்று மகளிடம் கேட்டார் ஆலோசகர்.

"நல்லாத் தூங்குவா மேடம். எழுப்பினாத்தான் எந்திரிப்பா" என்றாள் தாய்.

"சாப்பாடு?"

"அதெல்லாம் நல்லாச் சாப்பிடுவா. பாதியை ஒதுக்குவா, அது சின்ன வயசுப் பழக்கம்."

"பயம் எப்போ வரும்?"

"ஞாயித்துக்கிழமை வராது மேடம். லீவுல வராது. எவ்ளோ விவரமா வருது பாருங்க!"

"அம்மா, உங்க பொண்ணுக்குப் பேச வரும்தானே?"

"ஐயோ, அதெல்லாம் நல்லாப் பேசுவா."

"அப்போ நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க."

முக்கால் மணி நேரம் பூதக்கண்ணாடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவின் பெயின்ட்டில் இருந்த குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே மகள் முதல் இருபது நிமிடம் பேசவில்லை. அப்புறம், "நான் நடிக்கலை" என்றாள். அதைச் சொன்னதும் அழுகை வந்தது.

"தெரியும்" என்றார் ஆலோசகர். பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும், அதனால்தான் நெஞ்சு அடிக்கிறது, வேகவேகமாக மூச்சு வாங்குவதால்தான் விரல் மரத்துப்போகிறது என்று விளக்கினார். "இதுக்குப் பேர் பைத்தியமும் இல்ல, நடிப்பும் இல்ல. பதற்றம். பழக்கினா அடங்கும்." இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக விடச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நீல அட்டை நோட்டைக் கொடுத்தார். பயம் வரும்போதெல்லாம் எந்த நேரம், எந்த இடம், மனதில் என்ன ஓடியது என்று அதில் எழுத வேண்டும். "இது உனக்கும் எனக்கும் நடுவுல."

தாயைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பொறுமையா இருங்க, மாற்றம் தெரியும்" என்று மட்டும் சொன்னார். நோட்டைப் பற்றித் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

படியில் இறங்கும்போதே விசாரணை தொடங்கிவிட்டது. "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன? என்னைப் பத்தி என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"முக்கால் மணி நேரமா ஒண்ணும் சொல்லலையா?"

நான்கு சனிக்கிழமைகள் போயின. வகுப்புத் தேர்வு ஒன்றில் மகள் பாதி நேரம் வரை உட்கார்ந்து எழுதினாள். தட்டில் ஒதுக்குவது குறைந்தது. ஒருநாள் சோப்பு நுரையை ஊதிவிட்டுத் தானே சிரித்தாள். கணக்கு டீச்சர் வலிய போன் செய்து, "நல்லா மாறியிருக்கா" என்றார். பூதக்கண்ணாடிக்கும் சந்தோஷம்தான். ஆனால் தனக்குத் தெரியாமல், தன் கை படாமல் ஒரு வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். துவைத்த துணியை அலமாரியில் அடுக்கும்போது பள்ளிச் சீருடைக்கு அடியில் நீல அட்டை தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடி கட்டிலில் உட்கார்ந்து படித்தாள்.

"திங்கள், காலை 7.10. அம்மா என் பின்னலைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. இதோ சொல்லப்போறாங்கன்னு நெஞ்சு அடிச்சுது. பஸ் ஏறுற வரைக்கும் அடிச்சுது."

திங்கட்கிழமை அவள் பின்னலைப் பார்க்கவே இல்லை. பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தாள். நன்றாக நினைவிருந்தது.

"அப்பா வண்டியிலேயே இருக்கார். வீட்ல இருக்கும்போதும் வண்டியில இருக்கிற மாதிரியே இருக்கார்."

போன ஞாயிறு முழுக்க வீட்டில்தானே இருந்தார்?

"இந்த வீட்ல முதல்ல காலேஜ் போகப்போறது நீதான்னு எல்லாரும் சொல்றாங்க. அதைக் கேட்டா மூச்சு முட்டுது. எல்லாரும் என் முதுகுல ஏறி உட்கார்ந்துக்கிட்டு காலேஜுக்கு வர்ற மாதிரி இருக்கு."

யார் ஏறி உட்கார்ந்தது? என்ன பேச்சு இது?

"நான் என்ன செஞ்சாலும் அம்மாவுக்குப் பிடிக்காது."

பொய். பச்சைப் பொய்.

அவள் கத்தவில்லை. நோட்டைக் கிழிக்கவும் இல்லை. தப்பைக் கண்டால் தினமும் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். கொக்கியில் தொங்கிய ஏப்ரனின் பையிலிருந்து சுருளை எடுத்து, உண்மை இல்லாத வரி ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டினாள். கோணாமல், எழுத்தை மறைக்காமல், முனை சரியான சொல்லைக் காட்டும்படி. மொத்தம் பதினொன்று. கடைசி வரிக்கு மட்டும் இரண்டு.

அவளுடைய தொழிலில் அம்புக்குறி என்பது திட்டு இல்லை. 'இதைச் சரிசெய்ய முடியும்' என்று அர்த்தம். சரிசெய்ய முடியாததைத்தான் ஒன்றும் ஒட்டாமல் ஓரமாக எறிவார்கள். நாளைக்கு மேடம் இதைப் பார்ப்பார், எது நடந்தது எது நடக்கவில்லை என்று புரிந்துகொள்வார், பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார் என்று அவள் மனதார நம்பினாள். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிம்மதியாகத் துணியை மடித்தாள்.

மறுநாள் ஆலோசகரின் மேசைமேல் மகள் நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் சிவப்பு. திருப்பினாள். சிவப்பு. ஒவ்வொரு பக்கமாகக் கடைசி வரை மெதுவாகத் திருப்பினாள். மூடினாள். நாற்காலியை அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆலோசகர் எவ்வளவோ கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

ஆலோசகர் கதவைத் திறந்து தாயை உள்ளே கூப்பிட்டார். "இதை யார் ஒட்டினது?"

"நான்தான் மேடம். தப்பான இடமெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். உங்களுக்கு ஈசியா இருக்கும்." முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு.

இளம் ஆலோசகர் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அவர் நிதானம் இழந்தார். "அது அவளோட நோட்டுங்க! நீங்க எப்படி அதைத் தொடலாம்?"

"நோட்டு அவளோடது. சரி. அவ யாரோடவ?" பூதக்கண்ணாடியும் குரலை உயர்த்தினாள். "பெத்தவ நான். பொய் எழுதி வச்சிருக்கா, பார்த்துக்கிட்டு உட்காரச் சொல்றீங்களா? பிள்ளையைத் தாய்க்கு எதிரா எழுத வைக்கிறதுதான் உங்க வைத்தியமா? வாடி, போகலாம். இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம்."

மகள் எழுந்து பின்னால் போனாள். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

அந்த வாரம் வீட்டில் சத்தமே இல்லை. கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மகள் பின்னலைத் தானே மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள். அடுத்த வியாழக்கிழமை அலகுத் தேர்வு. காலையில் சீருடை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிப் போனாள்.

மதியம் இரண்டே முக்காலுக்குக் கணக்கு டீச்சர் தொழிற்சாலைக்கு போன் செய்தார். "காலையிலேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. உங்க பொண்ணு ஏன் வரல? உடம்பு சரியில்லையா?"

பூதக்கண்ணாடி கேட்டதை நம்பாமல் ரிசீவரையே பார்த்தாள். பிறகு ஓடினாள். புருஷனுக்கு போன் செய்யவேண்டும் என்பது கேட் அருகே வந்த பிறகுதான் உறைத்தது. தந்தை வேனை எங்கேயோ நடுவழியில் திருப்பினார். அவருக்கு முதன்முறையாக வாயில் வார்த்தை வந்தது, ஆனால் "எங்க தேட? எங்க தேட?" என்ற ஒன்றுதான் வந்தது.

"என்னக்கா, யாரைத் தேடுறீங்க?" என்றார் வாசல் காவலாளி. "எதிர்த்த பஸ் ஸ்டாப்புல ஒரு ஸ்கூல் பொண்ணு ஒன்பது மணியிலேருந்து உட்கார்ந்திருக்கு. எல்லா பஸ்ஸையும் விடுது. நீங்க தேடுறது அதுவா பாருங்க."

அதுதான். மடியில் பையை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொழிற்சாலை வாசலையே பார்த்தபடி மகள் உட்கார்ந்திருந்தாள்.

சாலையைக் கடக்கும் பத்து வினாடிக்குள் பூதக்கண்ணாடியின் வாயில் இருபது கேள்வி தயாராகிவிட்டது. பரீட்சை என்னாச்சு, யாரிடம் சொல்லிவிட்டு வந்தாய், ஊர் என்ன சொல்லும். கிட்டே போனதும் மகள் பயந்து எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து அத்தனையையும் விட்டுவிட்டாள். அடி வாங்கப்போகிறவள்போல நின்றாள். இத்தனைக்கும் அவளை யாரும் ஒருநாளும் அடித்ததில்லை.

"இங்க ஏன் உட்கார்ந்திருக்க?"

"ஸ்கூல் கேட் வரைக்கும் போனேம்மா. நெஞ்சு அடிச்சுது. உன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

"அப்போ உள்ள வர்றதுக்கென்ன? வாட்ச்மேன்கிட்ட சொன்னா கூப்பிட்டிருப்பாரே?"

"வேலையைக் கெடுத்துட்டியேன்னு திட்டுவே. அதான், நீ வெளிய வர்ற வரைக்கும் இருக்கலாம்னு..."

"ஆறு மணி நேரமாவா?"

"ம்."

ஆறு மணி நேரம். நடுவில் ஒரு சாலை. அந்தப் பக்கம் நின்று தாய் நானூறு சட்டைகளில் நூல் பிசிறு தேடிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி மகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மகள் குடித்தாள். ஒரு பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறாததைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அம்மா, அந்த நோட்டுல பதினோரு அம்பு ஒட்டியிருந்தே." மகள் சாலையைப் பார்த்தே பேசினாள். "ஒரே ஒரு இடத்துலயாவது 'அப்படியா?'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

 பதினெட்டு வருடத்தில் பூதக்கண்ணாடியின் பார்வைக்குத் தப்பிய ஒன்று, பதினாறு வருடமாக அவள் வீட்டிலேயே வளர்ந்து, சீருடை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவள், "அப்படியா?" என்றாள். காலம் கடந்து கேட்டதால் அது அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள். மகள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தந்தை வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு, கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தார்.

மறுநாள் பூதக்கண்ணாடி அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும்தான் மேடம் வருவார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை திரும்பவும் போனாள், தனியாக.

"எனக்குத் தப்புக் கண்டுபிடிக்க மட்டும்தான் தெரியும் மேடம். அதுக்குத்தான் என்னைச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க. நல்லா இருக்குன்னு ஒரு ஸ்டிக்கர் எங்க ஃபேக்டரியில கிடையாது."

ஆலோசகர் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினார். "என் மேலயும் தப்பு இருக்கு. நோட்டைப் பத்தி முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அன்னைக்குக் கத்தியிருக்கவும் கூடாது. மன்னிச்சுக்கங்க."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிஜமாவே நான் அன்னைக்குக் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

"பார்த்திருப்பீங்க. ஆனா அவளுக்கு நெஞ்சு அடிச்சது நிஜம்தானே? நீங்க எங்க பார்த்தீங்கன்னு அந்த நோட்டு சொல்லல. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுது. அதுல சரி, தப்பு கிடையாது."

பூதக்கண்ணாடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்போ நான் என்னதான் பண்ணணும்?"

"தினம் பத்து நிமிஷம் அவ பேசட்டும். நீங்க கேளுங்க. பதில் சொல்லாம, திருத்தாம, புத்தி சொல்லாம."

"பத்து நிமிஷமா? மேடம், அஞ்சுல ஆரம்பிக்கலாமா?"

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்கும் வந்தது, கண்ணீரோடு.

வீட்டுக்கு வந்து மகளிடம், "அங்க திரும்பப் போறியா? உன் இஷ்டம்" என்றாள். 'உன் இஷ்டம்' என்ற சொல்லை அந்த வீட்டில் கோபமில்லாமல் யாரும் சொல்லி மகள் கேட்டதில்லை. தாயின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"போறேன். ஆனா நோட்டு மேடம்கிட்டயே இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டு வர மாட்டேன்."

சுருக்கென்று குத்தியது. "சரி" என்றாள் தாய்.

ஐந்து நிமிடம் கேட்பது, நானூறு சட்டை பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. முதல் நாள் மகள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல, தாய் இரண்டே நிமிடத்தில் "நீ ஏன் அங்க போன?" என்றாள். "அம்மா!" என்றாள் மகள். தாய் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் தந்தை, "நானும் கேக்குறேன்" என்று வந்து உட்கார்ந்து, மூன்றாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். மகள் சிரித்த சிரிப்பில் அவரே திடுக்கிட்டு எழுந்தார். ஆனால் மூன்றாம் நாளும் வந்தார். அந்த வாரக் கடைசியில் மகளைப் பள்ளிக்கு வேனில் கொண்டுபோய் விட்டார். வழியில் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்து, சந்துக்குள் வண்டியைத் திருப்புவது எப்படி என்று முழுக்க விளக்கினார். மகள் அதையும் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது மாதிரித் தேர்வின் முதல் நாள். கேள்வித்தாள் வந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடித்தது. விரல் மரத்தது. மகள் பேனாவை வைத்துவிட்டு வராண்டாவுக்கு வந்தாள். கணக்கு டீச்சர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சை நீளமாக விட்டாள். ஏழெட்டு நிமிடம். பிறகு உள்ளே போனாள். அப்புறம் இன்னொரு முறையும் வெளியே வந்தாள். மறுபடியும் உள்ளே போனாள்.

"பயம் வந்துச்சு, போச்சு, திரும்ப வந்துச்சு" என்றாள் சாயங்காலம். "ரெண்டு கேள்வி விட்டுட்டேன். ஆனா பெல் அடிக்கிற வரைக்கும் இருந்தேம்மா."

எந்த இரண்டு கேள்வி என்று கேட்கத் தாயின் நாக்கு துடித்தது. "பெல் அடிக்கிற வரைக்குமா?" என்றாள். மகள் தலையாட்டினாள். அவ்வளவுதான். மந்திரம் போட்டதுபோல எதுவும் குணமாகிவிடவில்லை. ஆனால் எல்லாத் தேர்வையும் எழுதி முடித்தாள். பொதுத்தேர்வுக்கான பட்டியலில் அவள் பெயர் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை ஆலோசனை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. வேறொரு பள்ளியின் தலைமையாசிரியராம். அவருக்கு அந்தப் பக்கம் பதினைந்து வயது மகள் தலையைக் குனிந்தபடி சட்டை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாங்க கண் டாக்டரைப் பார்க்க வந்தோம். கூட்டமா இருக்கு, அதான் இங்க உட்கார்ந்தோம்" என்றார், யாரும் கேட்காமலேயே.

"கண் டாக்டர் கீழ் மாடி சார்."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருக்கிறது உங்க பொண்ணாம்மா? நீங்க கூட இல்லையே. வீட்டு விஷயத்தையெல்லாம் வெளியாள்கிட்ட சொல்லிடாதா? எங்க குடும்பத்துல எல்லாரும் படிச்சவங்க. இவளுக்கு ஒரு குறையும் வைக்கல. திடீர்னு யார்கூடவும் பேச மாட்டேங்கிறா, சாப்பிட மாட்டேங்கிறா. கேட்டா அழறா. வெளிய தெரிஞ்சா எவ்வளவு அவமானம்?"

அந்தப் பெண்ணின் தலை இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. பூதக்கண்ணாடி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு சும்மா இருப்பது அவளால் ஆகாத காரியம்.

"சார், நான் எட்டாவதுதான். நீங்க பெரிய படிப்பு. ஆனாலும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடி வர்றோம். மனசு வலிக்குதுன்னா மட்டும் முகத்தை மூடிக்கிட்டு வர்றோம். ரெண்டுமே வலிதான், ரெண்டுக்குமே வைத்தியம் இருக்கு. இதுல பிள்ளைக்கு எந்த அவமானமும் இல்ல. பெத்த பிள்ளை நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுதுன்னா, அதுதான் சார் நமக்கு அவமானம். என் பொண்ணு அப்படிப் பயந்து நடுரோட்டுல ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தா. உங்க பொண்ணு இன்னும் உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. உள்ள போய்ப் பேசட்டும், நல்லபடியா வெளிய வருவா. வீட்டுக்குப் போனதும் என்ன சொல்லுதோ அதை முழுசாக் கேளுங்க. நடுவுல திருத்தாதீங்க. வாத்தியாருக்குக் கஷ்டம்தான், எனக்கே கேக்க வருது சார், உங்களுக்கு வராதா?"

 தலைமையாசிரியருக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த தலை, வந்ததிலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து, இவளைப் பார்த்தது.